சங்கத்து லாரியின் டீசல் வடிகட்டி

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே காண்கிறார்; பயிரில் பூச்சி விழுந்தால் விவசாயி மறுநாளே அறிகிறார். ஆனால் சங்கத்துக்குப் பொதுவான லாரியில் ஓர் உறுப்பு தேய்வது எவர் கண்ணிலும் படுவதில்லை. எல்லோருக்கும் உரிய பொருளை யாரும் தமது பொருளாகக் கருதிப் பார்ப்பதில்லை என்பதே இதற்குக் காரணமாகும்.

கணக்குத் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், பழைய லாரி முன்னைவிட மிகுதியாக டீசல் குடிப்பதாகக் கூறினர். டிரைவர் எண்ணெயை வெளியில் விற்கிறார் என்று ஐயுற்று, நிர்வாகக் குழுவினர் அவர் சம்பளத்தில் ஒரு பகுதியையும் நிறுத்தி வைத்திருந்தனர். செலவு வவுச்சர்களைப் புரட்டினேன். இரண்டு ஆண்டுகளாக வடிகட்டி வாங்கிய செலவு ஒன்றேனும் காணப்படவில்லை. லாரியைப் பட்டறையில் கழற்றிப் பார்த்தபோது, நாசில்கள் தேய்ந்து டீசல் சொட்டுவது தெரிய வந்தது. நிறுத்திய சம்பளம் திருப்பித் தரப்பட்டது; அவர் பெயருக்கு நேர்ந்த இழுக்கு அத்துணை எளிதில் நீங்கிற்றா என்பது ஐயமே. ஆகவே வடிகட்டியைப் பற்றி ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் நன்று.

வடிகட்டியின் வேலை

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எண்ணெயைப் பனிப்புகைபோல் தெளித்தே எரிக்க வேண்டும். ருடால்ப் டீசலின் இயந்திரம் 1897-இல் வெற்றிகரமாக ஓடியது எனினும், ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1927-இல் இன்ஜக்ஷன் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் லாரிகள் பரவலாயின. அப்பம்பினுள் இயங்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் சுமார் 2 முதல் 4 பங்கு மட்டுமே. தலைமயிரின் தடிப்போ அவ்வாறான 70 பங்கு அளவு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசியும் அங்கே அரம்போல் அராவும். மேலும், பழைய லாரிகளின் பம்புக்குள் உராயும் இப்பகுதிகளுக்கு டீசலே மசகு எண்ணெய். தண்ணீர் கலந்தால் மசகும் கெடும், துருவும் பிடிக்கும்.

தண்ணீரை வடித்தல்

தண்ணீர் டீசலைவிடக் கனமானது. ஆதலால் அடியில் தங்கும். வாரம் ஒருமுறையும், மழைக்காலத்தில் அடிக்கடியும், லாரி இரவெல்லாம் நின்ற பின் காலையில் இயந்திரத்தை ஓட்டுமுன், வடிகட்டிக் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திச் சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் பிடிக்கவும். சற்று நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். கருநிற வழுவழுப்பு தென்பட்டால் டாங்கியிலும் தண்ணீர் தங்கி நுண்ணுயிர்கள் வளர்ந்துள்ளன என்பது பொருள். டாங்கியையே கழுவ வேண்டும்.

மாலையில் டாங்கியை நிரப்பி வைத்தால், இரவுக் குளிரில் காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படிவது குறையும். பீப்பாயில் எண்ணெய் வைத்திருக்கும் சங்கங்கள் அதை வெளியில் நிமிர்த்தி வைத்தல் ஆகாது. மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீரை, வெப்பம் மாறுகையில் பீப்பாய் உள்ளிழுத்துக்கொள்ளும். அதைக் கூரையின் கீழ்ப் படுக்க வைப்பதே முறை.

மாற்றும் முறை

பழைய லாரிகள் பலவற்றில் இரண்டு வடிகட்டிகள் அடுத்தடுத்து இருக்கும். முதலாவது துணியாலானது, தூய டீசலில் கழுவி மீண்டும் பொருத்தலாம். இரண்டாவது காகிதத்தாலானது, இதைக் கழுவுதல் கூடாது, தயாரிப்பாளரின் கைப்புத்தகம் குறித்த காலத்தில் புதிதே போட வேண்டும். இழுவை குறைகிறது என்று காகிதத்தில் துளையிட்டு ஓட்டுவோர் உண்டு. சில ரூபாய் மிச்சம் பிடித்துப் பம்பையே பலி கொடுப்பதாகும் அது.

இயந்திரத்தை நிறுத்திச் சூடு ஆறிய பின், முதலில் வெளிப்புறத்தைத் துடைக்கவும். கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, புதிய வாஷருடன் பொருத்தவும். அருகில் பீடி, நெருப்பு ஆகாது.

பின்னர் காற்றெடுத்தல் வேண்டும். வடிகட்டியின் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தால் நுரையுடன் எண்ணெய் வரும். குமிழி நின்று தெளிந்த எண்ணெய் வந்ததும் திருகை முடுக்கவும். இன்ஜக்ஷன் பம்பின் திருகிலும் இவ்வாறே செய்யவும்.

இம்முறை பழைய லாரிக்கு மட்டுமே உரியது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி அமைந்த புதிய டீசல் லாரிகளில் எண்ணெய் வளிமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் நிற்கும். அது தோலையும் துளைக்கும். அவற்றின் குழாய்களைத் தளர்த்த முயலாது பயிற்சி பெற்றவரிடம் விடுக.

அறிகுறிகள்

மேட்டில் பாரத்துடன் இழுக்காமல் திணறினால், வடிகட்டி அடைத்திருக்கலாம். ஓடிய லாரி திடீரென நின்று, மீண்டும் கிளம்ப மறுத்தால் காற்றுப் புகுந்திருக்கலாம். கரும்புகையும் இடிப்பும் கூடுதல் எண்ணெய்ச் செலவும் சேர்ந்து தோன்றினால் நாசிலைச் சோதிக்க வேண்டும்.

சங்கத்தின் கடமை

லாரிக்கெனத் தனிப் பதிவேடு ஒன்று வைத்து, தண்ணீர் வடித்த நாள், வடிகட்டி மாற்றிய நாள், அன்றைய கிலோமீட்டர், செய்தவர் கையெழுத்து ஆகியவற்றை எழுதி வருக. மாதக் கூட்டத்தில் ரொக்கப் புத்தகத்துடன் இதையும் குழுவின் பார்வைக்கு வைக்க வேண்டும். எண்ணெய்ச் செலவு கூடினால் முதலில் இப்பதிவேட்டைப் புரட்டுக. மனிதரை ஐயுறுவது அதன் பின்னரே. அது பம்பைக் காப்பதோடு, உழைக்கும் டிரைவரின் நற்பெயரையும் காக்கும்.