இடையகமும் எஃப்ஃபிளஷ் செயற்கூறும்

நுழையும்முன்

நிரல் எழுதி முடித்துவிட்டது. கோப்பைத் திறந்தால் ஒன்றுமில்லை. எழுதிய தரவு எங்கே தங்கியது? சி மொழியில் கோப்பு வெளியீடு நிகழும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பையும் கயிறும்

காயல்பட்டினத்தை உள்ளடக்கிய முத்துக்குளித்துறைக் கரையில், அன்று முத்துக்குளித்தபோது மூழ்கியவர் ஒவ்வொரு சிப்பிக்கும் மேலே வந்ததில்லை. சிப்பிகளைப் பையில் சேர்த்துக் கயிற்றை அசைத்தார். படகில் இருந்தவர் இழுத்தார். உழைப்பு மிச்சமாயிற்று. ஆனால் கயிறு அறுந்தால் பையிலுள்ள அனைத்தும் கடலுக்கே உரியன.

இடையகம்

எஃப்பிரிண்ட்எஃப் செயற்கூறு தரவை உடனே வட்டுக்கு அனுப்புவதில்லை. இடையகம் என்னும் நினைவகப் பகுதியில் சேர்க்கிறது. இயக்க அமைப்பை அடிக்கடி அழைத்தால் நேரம் வீணாகும். ஆகவே இடையகம் நிரம்பியதும் தரவு மொத்தமாக அனுப்பப்படுகிறது. எஃப்குளோஸ் கட்டளையும் நிரலின் இயல்பான முடிவும் எஞ்சியதை வெளியேற்றும். நிரல் இடையில் முறிந்தால் எஞ்சியது அழியும்.

ஓர் எடுத்துக்காட்டு

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, தூத்துக்குடியிலிருந்த கடல்மட்டப் பதிவுக் கருவி நீர்மட்ட மாற்றத்தைப் பதிவு செய்தது. அத்தகைய கருவிக்கு நாம் நிரல் எழுதுவதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு ஒரு பதிவு. ஒரு பதிவு 16 பைட். இடையகம் 4096 பைட். அது நிரம்ப 256 நிமிடங்கள், அதாவது 4 மணி 16 நிமிடங்கள் ஆகும். 200ஆம் நிமிடத்தில் நிரல் முறிந்தால் 200 பதிவுகளும் இழப்பே. பேரலை வந்த நேரமும் அவற்றுள் அடங்கியிருக்கலாம்.

தீர்வும் எல்லையும்

ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் எஃப்ஃபிளஷ் செயற்கூறை அழைத்தால், இடையகத்திலுள்ளவை இயக்க அமைப்பிடம் ஒப்படைக்கப்படும். பிழை நேர்ந்தால் அது ஈஓஎஃப் மதிப்பைத் திருப்பியனுப்பும். அதனைச் சோதித்தல் வேண்டும். நிரல் முறிவிலிருந்து இது காக்கும். மின்தடையிலிருந்து காக்க இது மட்டும் போதாது. இயக்க அமைப்பும் தரவைச் சிறிது நேரம் நினைவகத்தில் வைத்திருக்கும். யூனிக்ஸ் வகை அமைப்புகளில் அதனை வட்டில் எழுதச் செய்வது எஃப்சிங்க் அழைப்பாகும்.

இலட்சக்கணக்கான வரிகளை விரைந்து எழுதும் நிரலில் வரிதோறும் இவ்வாறு செய்தால் வேகம் குறையும். எந்தத் தரவை இழக்க இயலாது என்பதே முடிவுக்கு அளவுகோல்.

தெரிந்து தெளிவோம்

எஃப்ஃபிளஷ் வெளியீட்டிற்கே உரியது. உள்ளீட்டு ஓடையில் அதன் விளைவைச் சி மொழித் தரநிலை வரையறுக்கவில்லை.

கற்பவை கற்றபின்

இடையகம் 1024 பைட் எனில், மேற்கண்ட கருவி நிரல் முறிவால் அதிக அளவாக எத்தனை நிமிடப் பதிவுகளை இழக்கக்கூடும்? கணக்கிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.