காசு வந்தால் நோய் போகுமா?

கேள்வி: வருமானம் கூடினால் ஆரோக்கியமும் கூடுமா? எங்கள் தெருவில் கையில் காசு புழங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர்கள் அதிகம்!
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அலைவதற்கும் காசு வேண்டுமே அம்மா! முன்பு வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்திருப்பார்கள்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேன் காஸ்டெல்லோ குழுவினர், 1993 முதல் 1,420 பிள்ளைகளின் மனநலத்தைக் கவனித்து வந்தார்கள். அதில் கால்வாசி செரோக்கி பழங்குடிப் பிள்ளைகள். நடுவில் அந்தப் பழங்குடியினர் ஒரு சூதாட்ட விடுதி திறந்தார்கள். லாபத்தில் பங்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் எல்லாருக்கும் வந்தது. (சூதாட்டத்தால் குடும்பம் உருப்பட்ட கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.) வறுமையிலிருந்து மீண்ட வீட்டுப் பிள்ளைகளிடம் சண்டை, முரட்டுத்தனம் எல்லாம் குறைந்து, என்றுமே ஏழையாக இராத பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டன. பிள்ளை எங்கே போகிறான், யாரோடு சுற்றுகிறான் என்று பார்க்கப் பெற்றோருக்கு நேரம் கிடைத்ததுதான் முக்கியக் காரணம். மனச்சோர்வும் பதற்றமும் மட்டும் அசையவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே மக்களிடம் பின்னர் நடந்த ஆய்வில், பணம் மொத்தமாகக் கைக்கு வந்த மாதங்களில் விபத்துச் சாவுகள் கூடியது தெரிந்தது. போனஸ் வந்ததும் பைக் வாங்கத் துடிக்கும் பையன் வீட்டில் இருந்தால், முதலில் ஹெல்மெட்டை வாங்கிக் கொடுங்கள்.