களத்துள் நின்ற பயிற்றுநர்

அமெரிக்கர் கால்பந்து என வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. அதன் பந்து முட்டை வடிவினது; அதைக் கையில் ஏந்தியே பெரும்பாலும் ஓடுவர். எதிரணியினர் ஓடுபவரைப் பிடித்து மண்ணில் வீழ்த்துவர். பேருருவம் படைத்தோர்க்கே உரியது எனக் கருதப்பட்ட அவ்வாட்டத்தில், ஏறத்தாழ 75 கிலோ எடையே கொண்டிருந்த கறுப்பின மாணவர் ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்பு பெயர் பெற்றார். அவர் ஃபிரிட்ஸ் பொல்லார்டு.

சிகாகோவில் 1894ஆம் ஆண்டு பிறந்த அவருக்கு, அடிமைமுறையை எதிர்த்துப் பேசியும் எழுதியும் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் பெயரையே பெற்றோர் சூட்டினர். ஃபிரிட்ஸ் என்பது, அண்டையில் வாழ்ந்த செருமானியக் குடும்பத்தினர் அழைத்த செல்லப்பெயர்.

பிரௌன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றபோது கல்லூரி அணியில் இடம்பெற்றார். 1916ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், கலிபோர்னியாவின் பாசடீனாவில் நடைபெற்ற ரோஸ் பவுல் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவரே. மழையால் சேறான திடலில் அவருடைய விரைவு பயன்படவில்லை. பிரௌன் 14-0 எனத் தோற்றது. எனினும் அவ்வாண்டின் இறுதியிலேயே, யேல், ஹார்வர்டு ஆகிய இரு பெரும் அணிகளையும் பிரௌன் வென்றது. வால்டர் கேம்ப் தேர்ந்தெடுத்த அனைத்து அமெரிக்க அணியிலும் பொல்லார்டு இடம்பெற்றார்.

அவருக்கு எதிரணியின் ஆட்டத்திறன் மட்டுமே இடையூறாக இருக்கவில்லை. வீழ்த்தப்பட்ட பின்னரும் அவர்மேல் வேண்டுமென்றே பாய்ந்து காயப்படுத்த முனைந்தோர் உண்டு. ஆகவே, விழுந்தவுடன் மல்லாந்து புரண்டு, அடியில் முளைகள் பொருத்திய காலணிகள் மேல்நோக்கி நிற்குமாறு கால்களை உயர்த்திக்கொள்ளப் பழகினார். பாய வந்தவர் தயங்கினர்.

முதல் உலகப் போருக்குப் பின் ஆக்ரன் நகரின் தொழில்முறை அணியில் சேர்ந்தார். 1920ஆம் ஆண்டு தொடங்கிய தொழில்முறைக் கூட்டமைப்பே பின்னாளில் தேசியக் கால்பந்து லீக் ஆயிற்று. அதன் முதற்பருவத்தில் ஆக்ரன் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வாகை சூடியது. மற்ற வீரர்களோடு உடைமாற்ற இயலாமல், அணி உரிமையாளரின் சுருட்டுக்கடையில் உடைமாற்றித் திடலுக்குச் சென்றதைப் பொல்லார்டு பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

அடுத்த ஆண்டு அதே அணிக்கு எல்ஜி டோபினுடன் இணைந்து பயிற்றுநரானார். அக்காலப் பயிற்றுநர் பலர் திடலுக்கு வெளியே நின்று ஆணையிட்டவர் அல்லர். தாமும் ஆடிக்கொண்டே அணியை நடத்தியவர்கள். வெள்ளை வீரர் நிறைந்த அணிக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் ஆட்டமுறை வகுத்தார் என்பது அந்நாளில் எளிய செய்தி அன்று. பின்னாளில் பாடகராகவும் நடிகராகவும் உலகப்புகழ் எய்திய பால் ராப்சன், சட்டம் பயின்றுகொண்டே அவ்வணியில் ஆடினார்.

1926ஆம் ஆண்டிற்குப் பின் லீக்கில் பொல்லார்டுக்கு இடமில்லை. 1934 முதல் 1945 வரை கறுப்பின வீரர் ஒருவர்கூட அதில் ஆடவில்லை. விதி எதுவும் எழுதப்படவில்லை. எழுதப்படாததாலேயே அதை எதிர்த்து வழக்காடவும் இயலவில்லை. பொல்லார்டு ஓய்ந்துவிடவில்லை. சிகாகோவில் கறுப்பினத்தவர் மட்டுமே கொண்ட அணியொன்றை அமைத்தார். 1930களின் நடுவில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி அணிக்குப் பயிற்சியளித்தார். வெள்ளையர் அணிகளோடு மோதித் தம் வீரர்களின் திறனை நிறுவுவதே அவர் நோக்கம்.

1946ஆம் ஆண்டு லீக்கின் கதவு கறுப்பின வீரர்க்கு மீண்டும் திறந்தது. பயிற்றுநர் பதவிக்கோ இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. பொல்லார்டுக்கு அடுத்து அப்பொறுப்பை ஏற்ற கறுப்பினத்தவர் ஆர்ட் ஷெல், ஆண்டு 1989. இடைவெளி 68 ஆண்டுகள். பொல்லார்டு அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, தம் 92ஆம் அகவையில் மறைந்திருந்தார்.

கல்லூரிக் கால்பந்தின் புகழ்க்கூடம் 1954ஆம் ஆண்டிலேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆக்ரனுக்கு அண்மையில், காண்டன் நகரிலுள்ள தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது 2005ஆம் ஆண்டில்.