எப்போ வருது, எவ்வளவு நேரம் இருக்கு?

தலைசுற்றலோடு டாக்டரிடம் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டை ஃபைலின் அடியில் வையுங்கள். மேலே உங்கள் கையெழுத்தில் ஒரே ஒரு தாள் இருக்கட்டும். ரிப்போர்ட் முதலில் கண்ணில் பட்டால் “எல்லாம் நார்மல்மா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தாளைப் படித்தால் கேள்வி வரும்.

மும்பை தாராவியில் பிறந்து செம்பூரில் வாழ்க்கைப்பட்டவள் நான். ஒருநாள் காலை படுக்கையில் புரண்டபோது அறையே சுழன்றது. ஒரு நிமிஷத்துக்குள் நின்றும்விட்டது. சில வாரங்களில் அந்தச் சுழற்சி போனது. ஆனால் நாள் முழுக்க ஓர் ஆட்டம் தங்கிவிட்டது. நடந்தால் தரை மெத்தை மாதிரி அமுங்கும். உட்கார்ந்தால் குறையும், படுத்தால் இருக்காது. குர்லாவில் வண்டி மாற பாலம் ஏறினால், எதிரே வரும் கூட்டத்தைப் பார்க்கவே முடியாது. நின்றுகொண்டிருக்கும் லோக்கலில் பக்கத்துத் தண்டவாளத்து வண்டி கிளம்பினால், நம் வண்டிதான் நகர்கிறது என்று எல்லாருக்கும் ஒரு கணம் தோன்றும். எனக்கு அந்தக் கணம் வீடு வந்து சேரும்வரை முடியாது.

தாராவி 90 அடி ரோட்டு கிளினிக்கில் “வீக்னெஸ்” என்று பி-12 ஊசி போட்டார்கள். இன்னோர் இடத்தில் கழுத்து எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று காலர் கொடுத்தார்கள். நாற்பது தாண்டிய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதற்காகத் தலைசுற்றல் பழியை அதன்மேல் போட்டுவிட முடியாது. இது எனக்குப் பிறகு தெரிந்தது. மூன்றாமவர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “டென்ஷன் கொடுக்காதீங்க” என்றார். அவரும் தலையாட்டினார். இவர்கள் எல்லாரையும்விட அதிகமாக விசாரித்தது தாராவிப் பெரியம்மாதான். “எப்பம்ட்டி வருது? வெறும் வயித்துலயா, தின்ன பொறவா? குனிஞ்சா வருதா?” எல்லாம் கேட்டுவிட்டு, கண்ணுபட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். வைத்தியம் எப்படியோ, கேள்விகள் சரியானவை.

நோயாளி பேசத் தொடங்கி எத்தனை நேரத்தில் டாக்டர் குறுக்கிடுகிறார் என்று அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் அளந்து 1984-இல் எழுதினார்கள். சராசரியாக 18 விநாடி. வாசலில் அறுபது பேர் காத்திருக்கும் நம் ஊர் கிளினிக்கில் அதைவிட அதிகம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அதனால் முதல் வாக்கியத்தை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போவேன். “டாக்டர், எனக்கு ரொம்ப நாளா ஒரே கஷ்டம்” என்று ஆரம்பித்தால் அந்த 18 விநாடியும் வீண். “நின்னாலும் நடந்தாலும் ஆடுது, படுத்தா நிக்குது, மூணு மாசத்துக்கு மேல ஆச்சு” என்றால், வெட்டினாலும் வேண்டியது உள்ளே போயிருக்கும். இந்தி டாக்டர் என்றால் அதை இந்தியில் சொல்லிப் பழகிக்கொள்ள வேண்டும். சக்கர் என்றால் எல்லாருக்கும் புரியும். அதற்கடுத்த வாக்கியத்தில்தான் நாம் தடுமாறுகிறோம்.

கேட்கும் டாக்டர் என்றால் இனிமையாகப் பேசுபவர் என்று ஓர் எண்ணம் நமக்கு. அப்படி ஒருவரிடமும் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, காபிகூடக் கொடுத்தார்கள். அவரிடம் இருக்கும் மெஷின்களைப் பற்றி அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கடைசியில் வாய்த்தவரோ, மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சின்ன அறை வைத்திருக்கும் வயதான காது மூக்கு தொண்டை டாக்டர். சிரிக்கவே மாட்டார். எப்படி இருக்கிறது என்று நான் வர்ணிக்க ஆரம்பித்ததும் கையை உயர்த்தினார். “எப்படி இருக்குங்கறது அப்பறம். எப்போ வரது, எவ்வளவு நேரம் இருக்கு, என்ன பண்ணினா வரது? அதைச் சொல்லுங்கோ.”

சுழல்கிறதா, மயங்குகிறதா, மிதக்கிறதா என்று நோயாளி சொல்வது ஐந்து நிமிஷத்தில் மாறிவிடும். நேரமும் தூண்டும் காரணமும் அவ்வளவாக மாறாது என்றார். பிறகு படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்; நிற்கவைத்து மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி பார்த்தார். மேல் எண் 20-க்குக் குறையாமல் விழுந்தால் அது வேறு கதையாம். அப்புறம் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்துக் கண்களையே உற்றுப் பார்த்தார். டிக்ஸ்-ஹால்பைக் சோதனை, 1952-இலிருந்து இருக்கிறது. மெஷின் வேண்டாம், ஒரு கட்டில் போதும். அதுவரை எந்த டாக்டரும் என்னை அப்படிச் சாய்த்துப் பார்த்ததில்லை.

முதலில் வந்த சுழற்சி காதுக்குள் இருக்கும் கால்சியம் துகள்கள் இடம் மாறியதால் வந்திருக்கும், தானாகச் சரியாகிவிட்டது என்றார். தங்கிப்போன ஆட்டத்துக்கு பி.பி.பி.டி. என்று பேர், தலைசுற்றலை ஆராய்பவர்களின் அமைப்பான பராணி சொசைட்டி 2017-இல்தான் இலக்கணம் வகுத்தது. மூன்று மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாள்களில் ஆட்டம். நின்றால், அசைந்தால், கூட்டமும் அசைவும் நிறைந்த காட்சியைப் பார்த்தால் கூடும். சுழற்சி நின்ற பிறகும் மூளை விழிப்புக் குறையாமல் உடம்பின் ஒவ்வோர் அசைவையும் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்கேனில் தெரியாது. “நார்மல்னு சொன்னதும் சரி, உங்களுக்கு ஆடறதும் சரி” என்றார். கூடவே, “நான் நினைக்கறது தப்பாவும் இருக்கலாம், ஒரு மாசம் கழிச்சு வாங்கோ, மாத்திப் பாக்கலாம்” என்றும் சொன்னார். இப்படிச் சொல்கிற டாக்டரை விட்டுவிடாதீர்கள்.

டாக்டர்களின் பேச்சையே டாக்டர்கள் கேட்காத துறை இது. 1861-இல் பாரிஸில் காது கேளாதோர் நிறுவனத்தின் டாக்டராக இருந்த ப்ரோஸ்பெர் மெனியர், தலைசுற்றல் காதிலிருந்து வரலாம் என்றார். மூளையில் ரத்தம் தேங்குவதால் வருகிறது என்று நம்பி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார். அமெரிக்காவில் ஜான் எப்லி என்ற டாக்டர், தலையைச் சில நிலைகளில் திருப்பியே காதுத் துகளை வெளியேற்றலாம் என்று 1980-இல் செய்து காட்டினார். நம்பியவர்கள் குறைவு, அவருடைய கட்டுரை 1992-இல்தான் அச்சேறியது. இன்று உலகமெங்கும் செய்கிறார்கள், சில நிமிஷ வேலை.

மாத்திரைச் சீட்டு வாங்கும்போது “எத்தனை நாள், எப்போ நிறுத்தணும்?” என்று கேளுங்கள். சின்னாரிசின், ப்ரோக்ளோர்பெரசின் போன்றவை வாந்தியோடு சுற்றும் முதல் சில நாள்களுக்குத்தான். மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை தானே சமன்செய்துகொள்வது தாமதப்படும். வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் வரலாம். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவரிடம் நான் இரண்டாம் தடவை போனதில்லை.

எனக்கு மாட்டுங்கா டாக்டர் எழுதியது சமநிலைப் பயிற்சியும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை சின்ன அளவிலும். செம்பூர் மருந்துக்கடைப் பையன் அதை எடுத்துக் கொடுக்கையில் குரலைத் தாழ்த்தினான். எனக்கும் சுருக்கென்றது. பயிற்சி எளிது: சுவரில் ஒட்டிய எழுத்தைப் பார்த்தபடி தலையை இருபுறமும் ஆட்டுவது. செய்யும்போது ஆட்டம் கூடும். அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆட்டம் இன்னும் முழுக்கப் போகவில்லை. பாலம் ஏறுகிறேன்.

தனியார் டாக்டருக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கம்தான். இதுபோன்ற பெரிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓபிடி நாள் உண்டு. கேஸ் பேப்பரில் உள்ள யூனிட்டைப் பார்த்து அதே கிழமையில் போனால், அதே டாக்டர் குழு பார்க்க வாய்ப்புண்டு. நாள் மாறினால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். கூட யாரையாவது கூட்டிப் போங்கள், ஆனால் பதில் சொல்ல விடாதீர்கள். என் வீட்டுக்காரருக்கு இப்போது ஃபைல் பிடிக்கும் வேலை மட்டும்தான்.

திடீரென்று பேச்சு குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், ஒரு பக்கம் கைகால் தளர்ந்தால், நடக்கவே முடியாமல் போனால், இதுவரை காணாத தலைவலி வந்தால் கேட்கும் டாக்டரைத் தேட நேரமில்லை. நேரே கேஷுவால்டி.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா மாட்டுங்கா டாக்டர் நம்பர் கேட்டார். அவருக்கு வலப்பக்கம் புரண்டு படுத்தால் மட்டும் சுற்றுகிறது, ஒரு நிமிஷம்கூட இருப்பதில்லை. “அதுக்கு அவ்வளவு தூரம் போக வேணாம்க்கா. பக்கத்துல இருக்கிற காது டாக்டர் கிளினிக்குக்கு போன் போட்டு, கட்டில்ல சாய்ச்சுப் பார்ப்பாங்களான்னு மட்டும் கேளுங்க. பார்ப்போம்னா போங்க.”