தாய்மையும் குருதி வளமும்

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலியை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். அங்கே நிலத்தின் அடியில் பழுப்பு நிலக்கரி பன்னெடுங்காலம் மறைந்து கிடந்தது. அதனை எடுத்துப் பயன்கொள்ளும் பொருட்டு 1956 ஆம் ஆண்டில் நிறுவனம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. 1957 இல் சுரங்கப் பணி தொடங்கியது. 1961 இல் நிலக்கரி கைக்கு எட்டியது. 1962 இல் அந்நிலக்கரியிலிருந்து மின்சாரம் பிறந்தது. அனல்மின் நிலையத்தின் உலையில் நிலக்கரியை மட்டும் குவித்துவிட்டால் தீ எரியுமோ? எரியாது. காற்றும் இடைவிடாது உட்செல்லுதல் வேண்டும். காற்றுக் குறையின் அனல் குறையும். அனல் குறையின் நீராவி குறையும். நீராவி குறையின் நகரமே இருளில் மூழ்கும்.

நம் உடலும் இத்தகைய உலையே ஆகும். உண்ணும் உணவு எரிபொருளாகிறது. அதனை எரித்து ஆற்றலாக மாற்ற உயிர்வளி தேவை. நுரையீரலில் உயிர்வளியைப் பெற்று உடலின் கடைக்கோடி வரை சுமந்து செல்பவை குருதியிலுள்ள சிவப்பணுக்கள். அவ்வணுக்களுக்குச் செந்நிறம் தருவதும், உயிர்வளியைப் பற்றிக்கொள்வதும் ஹீமோகுளோபின் என்னும் பொருளாகும். அதன் நடுவே அமைந்திருப்பது இரும்பு. இரும்புச்சத்துக் குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். உடல் முழுவதும் சோர்ந்து போகும். இந்நிலையையே இரத்தச்சோகை என்கிறோம்.

சோகை யாவருக்கும் தீங்கு தருவது. எனினும், கருவுற்ற மகளிருக்கு அது தரும் தீங்கு இருமடங்காகும். ஏனெனில் அங்கே ஓர் உடலை நம்பி ஈருயிர் வாழ்கின்றது. கருக்கொண்ட காலத்தில் தாயின் குருதி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகுகின்றது. குழந்தையின் உடலுக்கும், நஞ்சுக்கொடிக்கும், பெருகிய குருதிக்கும், பேற்றின்போது ஏற்படும் இழப்புக்குமாகச் சேர்த்து ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படும் என மருத்துவர் கணக்கிட்டுள்ளனர். 100 மில்லிலிட்டர் குருதியில் 11 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் கருவுற்ற பெண்ணுக்குச் சோகை உண்டு எனக் கொள்வர்; 7 கிராமுக்கும் தாழ்ந்தால் அது கடுஞ்சோகை.

கீழ் இமையின் உட்புறமும், நாவும், நகமும் வெளிறிக் காணப்படுதல், சிறிது நடந்தாலும் மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடத்தல், தலைசுற்றல் ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். மண், சாம்பல், பச்சரிசி முதலியவற்றைத் தின்னும் வேட்கையும் சிலருக்குத் தோன்றும். அதனை மசக்கை என்று எண்ணி நகைத்து விட்டுவிடுதல் தகாது. கடுஞ்சோகை உடைய தாய், பேற்றின்போது சிறிது மிகுதியாகக் குருதி இழப்பினும் உயிருக்கு இடர் நேரும். குழந்தை குறைமாதத்திலோ, குறைந்த எடையுடனோ பிறத்தலும் கூடும். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற மகளிருள் 100 பேரில் ஏறத்தாழ 52 பேருக்குச் சோகை இருந்தது. நம் தமிழ்நாட்டு நிலையும் அதனினும் பெரிதும் மேம்பட்டதன்று. எனவே, இது எங்கோ உள்ள பிறருடைய துன்பம் அன்று. நம் வீட்டுத் துன்பமே ஆகும்.

இந்நோயின் காரணங்களுள் ஒன்றைக் கண்டறிந்த பெருமை லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவருக்கு உரியது. 1888 ஆம் ஆண்டில் பிறந்த அவர், 1928 இல் இந்தியாவிற்கு வந்தார். அக்காலத்தில் பம்பாயில் கருவுற்ற ஏழை மகளிர் பலர், சிறப்பாகத் துணியாலைகளில் உழைத்தோர், ஒருவகைக் கடுஞ்சோகையால் உயிரிழந்து வந்தனர். அவர்தம் குருதியில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்பட்டன. நோய்க்குக் காரணம் கிருமியோ எனத் தேடிய வில்ஸ் அம்மையார் அதற்குரிய சான்றைக் காணவில்லை. பின்னர் அம்மகளிர் உண்ட உணவை ஆராய்ந்தார். உணவு எவருக்கு மிகவும் குறைபாடுடையதாய் இருந்ததோ, அவரையே நோய் மிகுதியாகப் பற்றியதைக் கண்டார்.

1929 ஆம் ஆண்டில் அவர் நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூருக்கு வந்து, அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் தம் ஆய்வைத் தொடர்ந்தார். உணவு ஆராய்ச்சியில் புகழ்பெற்ற இராபர்ட் மெக்காரிசன் அப்போது அங்கே பணியாற்றி வந்தார். பம்பாய் ஏழை மகளிரின் உணவை ஒத்த உணவினை எலிகளுக்கும், பின்னர்க் குரங்குகளுக்கும் அளித்து வில்ஸ் ஆராய்ந்தார். சோகையுற்றிருந்த குரங்கு ஒன்றிற்கு, ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான உணவுப்பொருளைக் கொடுத்தபோது அது வியக்கத்தக்க வகையில் தேறியது. பின்னர் அதனையே நோயுற்ற தாய்மார்க்கும் அளித்தார். மெலிந்து கிடந்தோர் சில நாள்களில் பசித்து உண்டனர், குருதியும் ஊறலாயிற்று. இம்முடிவுகளை 1931 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார்.

ஈஸ்ட்டில் மறைந்திருந்த அந்த அருமருந்து யாது? அதற்குப் பத்தாண்டு கழித்து விடை கிடைத்தது. 1941 இல் அமெரிக்க நாட்டு அறிவியலார், நான்கு டன் பசலை வகைக் கீரையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். இலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. சிவப்பணுக்கள் முறையாகத் தோன்றி முதிர இவ்வமிலம் இன்றியமையாதது. கருவிலுள்ள குழந்தையின் மூளையும் தண்டுவடமும் குறையின்றி உருவாகவும் அது துணைசெய்யும் என்பது பிற்காலத்தில் உறுதிப்பட்டது. 1964 இல் மறைந்த வில்ஸ் அம்மையாரின் உழைப்பின் பயனை இன்று உலகெங்கும் உள்ள தாய்மார் பெறுகின்றனர்.

மாணவர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? விலை உயர்ந்த உணவே வலிமை தரும் என்னும் எண்ணம் பிழையானது. முருங்கைக்கீரை, அரைக்கீரை, கம்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, எள், பேரீச்சை ஆகியவை எளிதில் கிடைப்பவை. மீனும் இறைச்சியும் உண்போர்க்கு அவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் சேர்வதன்று. ஆயினும், எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றுள் ஒன்றை உடன் உண்டால் அது நன்கு சேரும். உணவுடன் தேநீரோ காப்பியோ பருகுதல் அதனைத் தடுக்கும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்தால் ஃபோலிக் அமிலம் அழிந்துபோகும். இரும்புச் சட்டியில் சமைத்தலும் நன்மை தரும்.

உணவு ஒன்றே போதும் என்று இருந்துவிடவும் கூடாது. கருவுற்ற காலத்தின் மிகுந்த தேவையை உணவால் மட்டும் நிறைத்தல் அரிது. ஆதலால், இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைகள் அரசு மருத்துவ மனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் விலையின்றி வழங்கப்படுகின்றன. நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்றாகக் குறைந்தது 180 நாள்களும், பேற்றிற்குப் பின் மேலும் 180 நாள்களும் அவற்றை உண்ணல் வேண்டும் என்பது விதி. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதனையும் ஒரே வேளையில் உண்ணலாகாது. மலம் கருநிறமாதல் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. 'மாத்திரை உண்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும்' என்று கூறுவாரும் உளர். அது வெறும் கட்டுக்கதையே. வெறுங்காலுடன் அசுத்தமான மண்ணில் நடப்போரின் உடலில் கொக்கிப்புழு புகுந்து குருதியை உறிஞ்சும். காலணி அணிதலும், கழிப்பறையைப் பயன்படுத்தலும், மருத்துவர் தரும் புழுநீக்க மருந்தை உண்ணலும் அதனைத் தடுக்கும் வழிகள்.

தமிழ்நாட்டில் ஏழைத் தாய்மார்க்கு உதவும் மகப்பேறு நிதித் திட்டம், புதுக்கோட்டையில் 1886 இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியுள்ளது. திட்டங்கள் பல இருப்பினும், அவற்றைப் பயன்படுத்தும் விழிப்புணர்ச்சி இல்லத்திலேதான் தோன்றுதல் வேண்டும். நெய்வேலி போன்ற தொழில் நகரில் மருத்துவ மனை அருகிலேயே உண்டு. எனினும், தனக்குச் சோகை உண்டோ என்பதைக் குருதிச் சோதனை செய்யாமல் ஒரு தாய் எவ்வாறு அறிவாள்? சோர்வு சுமையின் விளைவே என்று எண்ணி அவள் வாளாவிருப்பாள். ஆதலின், கருவுற்றதை அறிந்தவுடன் பதிவு செய்து கொள்ளுதலும், குறித்த காலந்தோறும் சோதனைக்குச் செல்லுதலும் கடமையாம்.

வேறொன்றும் உண்டு. நம் வீடுகள் பலவற்றில் கணவரும் பிள்ளைகளும் முதியோரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் தாயே. குழம்பின் அடியும், கீரையின் மீதியும் அவள் பங்காகின்றன. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்திப் பல்வகைச் சோறு படைத்து மகிழ்கிறோம். அந்த ஒருநாள் அன்பு ஒன்பது மாதமும் நிலைத்தால் சோகைக்கு இடம் ஏது? சிறுவரும் சிறுமியரும் இன்றே இதனைத் தொடங்கலாம். கருவுற்ற அக்காளோ, அண்ணியோ, சித்தியோ வீட்டிலிருப்பின், அவர் நம்முடன் அமர்ந்து உண்ணுமாறு வேண்டலாம். மாத்திரை உண்டனரா என நாள்தோறும் கேட்கலாம். பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற மாத்திரையை மாணவியர் தவறாது உண்ணுதல் வேண்டும். நாளைய தாயின் குருதி வளம் இன்றைய சிறுமியிடமே தொடங்குகின்றது.

நிலத்தடியில் புதைந்திருந்த கரியைத் தோண்டி எடுத்து ஒளி பெற்ற நாம், தாயின் உடலில் மறைந்து நலிவிக்கும் சோகையையும் கண்டறிந்து களைவோமாக.