கினிப்பன்றி: பிள்ளை கேட்டால் வாங்கலாமா?

"கினிப்பன்றி வேண்டும்" என்று தம்பி அடம்பிடித்தபோது, பெயரைக் கேட்டதுமே உம்மா முகம் சுளித்தார். உண்மையில் அது பன்றியல்ல. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த, எலியைப்போல் கொறித்துண்ணும் பிராணி. சாதுவானது, அரிதாகவே கடிக்கும். ஆனால் சிறுவர் கைதவறி விழுந்தால் எலும்பு முறியலாம்.

தனிமை அதற்கு ஆகாது. இரண்டாக வளர்க்க வேண்டும். நம்மைப் போலவே அதன் உடலும் விற்றமின் 'சி'யை உற்பத்தி செய்யாது. எனவே புல்லோடு, விற்றமின் 'சி' உள்ள பச்சை இலைகளும் சிறு கொய்யாத் துண்டும் கொடுக்க வேண்டும். நமது நாட்டு வெக்கையில் நிழலும் காற்றோட்டமும் இல்லாவிட்டால் இறந்துவிடும்.

அது 5 முதல் 8 ஆண்டுகள் வாழும். பிள்ளையின் ஆசையோ சில வாரங்களில் தீரலாம். பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டிக்கப்பட்டதை ஹதீஸில் படித்திருக்கிறோம். "தம்பி மறக்கும் நாளில் யார் புல் வைப்பது?" என்று வாப்பா கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பதில் உள்ள வீட்டார் வாங்கலாம்.