வங்கித் தளம் திறக்கவில்லையா? பழுது எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்

மாதத்தின் இருபதாம் நாள் நெருங்கினால் பெங்களூருவில் எங்கள் கிளையின் தொலைபேசிக்கு ஓய்வில்லை. ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்தைத் தாக்கல் செய்வதற்கான நாள் அது. பீன்யாத் தொழிற்பேட்டையின் பட்டறைக் கணக்கர்களும் சிக்பேட்டைத் துணிக்கடைக்காரர்களும் ஒரே குரலில் "உங்கள் இணையதளம் வேலை செய்யவில்லை" என்பார்கள். எங்கள் பக்கத்திலும் எப்போதேனும் குறை நேர்வதுண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பெரும்பாலான அழைப்புகளில் பழுது அழைப்பவரின் மேசையிலோ, அவர் தெருவில் தோண்டப்பட்ட பள்ளத்திலோதான் இருக்கிறது. அதைத் தாமே கண்டறியும் வழியை இங்கே விளக்குகிறோம். அவ்வாறு கண்டறியாமல் அவசரத்தில் பிறர் உதவியை நாடுவதால் நேரும் இழப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேறு தளங்கள் திறக்கின்றனவா? அலுவலகத்தின் மற்றக் கணினிகளில் வங்கித் தளம் திறக்கிறதா? மற்றக் கணினிகளில் திறந்தால் குறை இந்த ஒரு கணினியில் இருக்கிறது. எல்லாக் கணினிகளிலும் வேறு தளங்கள் திறந்து, வங்கித் தளம் மட்டும் திறக்காவிட்டால் குறை எங்களிடம் இருக்கக்கூடும். கைப்பேசியின் மொபைல் டேட்டாவிலும் ஒருமுறை முயன்று பார்த்தால் அது உறுதியாகிவிடும். எதுவுமே எங்கும் திறக்கவில்லையெனில் ரவுட்டரையும் இணைய நிறுவனத்தின் கம்பியையும் பார்க்க வேண்டும்.

ஃபைபர் இணைப்புள்ள அலுவலகங்களில் சுவரில் மாட்டிய சிறு பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று குறித்த ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தால் ஒளிச் சமிக்ஞையே வந்து சேரவில்லை என்று பொருள். கம்பி எங்கோ அறுந்திருக்கும், அல்லது மடங்கியிருக்கும். சாலை தோண்டுவதற்குப் பருவம் பார்க்காத நமது ஊரில் இது அரிய காட்சியன்று. அந்நிலையில் ரவுட்டரை நூறு முறை அணைத்து ஏற்றினாலும் பயனில்லை. இணைய நிறுவனத்திடம் புகார் பதிவு செய்துவிட்டுக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் வேலையைத் தொடரலாம். உணவகத்திலும் பேருந்து நிலையத்திலும் கிடைக்கும் பொது வைஃபையில் மட்டும் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டா.

சிவப்பு விளக்கு இல்லையெனில் ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுக்கலாம். நாட்கணக்கில் ஓடித் தடுமாறிய கருவி புதிதாகத் தொடங்கும். அதன் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவில் இருக்கும் ரீசெட் துளையை மட்டும் தொடக்கூடாது. அதை அழுத்தினால் இணைய நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துவிடும். எமக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் உதவியாளர் ஒருவர் நல்லெண்ணத்தோடு அதை அழுத்தியதில் இரண்டு நாள் வேலை நின்றது.

இதற்கு மேலும் அறிய வேண்டுமெனில் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, சிஎம்டி என்று தட்டச்சு செய்தால் ஒரு கறுப்புச் சாளரம் திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்தால் கணினியின் ஐ.பி. முகவரி தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் பெரும்பாலும் குறையில்லை. அடுத்து, டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் உள்ள எண்ணுக்கு பிங் கட்டளை கொடுக்கலாம். பதில் வந்தால் அலுவலகத்திற்குள் எல்லாம் சரி. பின்னர் 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் கொடுக்கலாம். கூகுள் நிறுவனம் பொதுப் பயன்பாட்டிற்கு நடத்தும் டி.என்.எஸ். முகவரி அது. அங்கிருந்து பதில் வந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லையெனில், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையே பழுதாகியிருக்கிறது. இவ்வளவையும் இணைய நிறுவனத்திடம் சொன்னால், "ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்" என்ற பல்லவியைத் தாண்டிப் பேச்சு நகரும். ஒரு குறிப்பு: வங்கித் தளங்கள் பல பிங் கட்டளைக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டவை. ஆகவே அங்கிருந்து பதில் வராததைக் கொண்டு தளம் முடங்கிவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது.

பலரும் எண்ணிப் பார்க்காத காரணம் ஒன்றுண்டு. அது கணினியின் கடிகாரம். பழைய கணினியில் மின்சாரம் நின்று வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் குறிப்பிட்ட நாள் முதல் குறிப்பிட்ட நாள் வரையே செல்லும் என்பதால், கணினியின் தேதி தவறாக இருந்தால் "இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று" என்ற எச்சரிக்கை தோன்றும். தேதியைத் திருத்தினால் தளம் திறந்துவிடும். ஒவ்வொரு நாளும் தேதி மாறுகிறதெனில் உள்ளே இருக்கும் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரியை மாற்ற வேண்டும். விலை மிகக் குறைவு. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், அதைப் பொருட்படுத்தாமல் உள்ளே செல்ல வேண்டா. முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். இந்திய வங்கிகள் தம் தளங்களை 2025 அக்டோபர் 31ஆம் நாளுக்குள் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது, போலித் தளங்களைப் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே.

இனி, முதலில் சொன்ன இழப்புக்கு வருவோம். ஒரு சிறு நிறுவனத்தின் கணக்கர், வங்கித் தளம் திறக்காத பதற்றத்தில் கூகுளில் வங்கியின் உதவி எண்ணைத் தேடினார். முதலில் வந்த எண்ணை அழைத்தார். மறுமுனையில் பேசியவர் மிகுந்த மரியாதையோடு, "சார், நானே சரி செய்து தருகிறேன்" என்று ஒரு திரைப்பகிர்வுச் செயலியை நிறுவச் சொன்னார். தளம் உடனே திறந்தது. (திறக்காததற்குக் காரணம் தளர்ந்த கேபிள் என்றும், பேச்சுக்கிடையே அவர் காலை அசைத்தபோது அது சரியாகிவிட்டது என்றும் பின்னர் தெரிந்தது.) அன்று மாலை ஊழியர்களின் ஊதியத்திற்கு வைத்திருந்த பணம் கணக்கில் இல்லை. அந்த எண் வங்கியினுடையதன்று.

பெரிய பழுதுகளின்போது இக்கூட்டம் இன்னும் சுறுசுறுப்பாகிறது. 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. பெங்களூரு விமான நிலையத்திலும் சில நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய நேர்ந்தது. இந்திய நேரப்படி காலை 9.39க்கு வெளியான அப்புதுப்பிப்பு 10.57க்கே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்த 78 நிமிடங்களில் அதைப் பெற்று முடங்கிய கணினிகளை ஒவ்வொன்றாகச் சேஃப் மோடில் திறந்து சரி செய்ய வேண்டியிருந்தது. நம் நாட்டில் 10 வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலுமே சிறு இடையூறு ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. இதையடுத்து, அந்நிறுவனத்தின் உதவியாளர்கள் எனச் சொல்லிக்கொண்டு மோசடிக்காரர்கள் மின்னஞ்சலும் தொலைபேசி அழைப்பும் விடுப்பதாகச் செர்ட்-இன் அமைப்பு எச்சரிக்க நேர்ந்தது.

ஆகவே வங்கியின் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேட வேண்டா. பற்று அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புத்தகத்திலோ உள்ள எண்ணை ஒரு தாளில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டி வைக்கலாம். எங்கள் ஊழியர் எவரும் திரைப்பகிர்வுச் செயலியை நிறுவச் சொல்வதில்லை, ஓ.டி.பி. கேட்பதுமில்லை.

தவறு நேர்ந்துவிட்டால் முதலில் கணினியின் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பின்னர் வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியையும், இணையவழி நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் 1930ஐயும் அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு மறுநாள் வரை காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். அந்த ஓர் இரவே பணத்தைக் கைக்கு எட்டாத தொலைவுக்குக் கொண்டுபோய்விடுகிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் நாள் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். குறை வாடிக்கையாளரிடமும் வங்கியிடமும் இல்லாதபோது, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பில்லை.

இறுதியாக, பணம் அனுப்பும்போது திரை உறைந்துபோனால் உடனே மறுமுறை அனுப்ப வேண்டா. அறிக்கையைத் திறந்து, தொகை கழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்.ஈ.எஃப்.டி. பரிமாற்றங்கள் அரை மணிக்கு ஒரு தொகுதியாகத் தீர்க்கப்படுகின்றன. பெறுபவரின் கணக்கில் சேர்க்க இயலாத தொகையை அத்தொகுதி தீர்ந்த இரண்டு மணி நேரத்திற்குள் திருப்ப வேண்டும் என்பது விதி. எங்களை அழைக்கும்போது நேரம், திரையில் தோன்றிய செய்தியின் சொற்கள், யு.டி.ஆர். எண் ஆகிய மூன்றையும் கையில் வைத்திருந்தால் போதும். கடவுச்சொல் எங்களுக்கு வேண்டியதில்லை.